கடைசிச் சில்லின் கணக்கு

ஓய்வுபெற்ற பேராசிரியரைத் தேடி முன்னாள் மாணவர்கள் வருவது பெரும்பாலும் திருமண அழைப்பிதழோடுதான். சில மாதங்களுக்கு முன் வந்த ஒருவரின் கையில் அழைப்பிதழ் இல்லை. நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் கட்டம் கட்டமாக எண்கள். 'சார், இந்தக் கணக்கில் எங்கே தவறு என்று மட்டும் சொல்லுங்கள்' என்றார்.

அது போக்கர் சீட்டாட்டத்துக்கான அட்டவணை. போட்டியில் கையிருப்புச் சில்லுகள் குறைந்துவிட்ட ஆட்டக்காரர், எந்தச் சீட்டு வந்தால் அனைத்தையும் ஒரே முறையில் பந்தயம் வைக்க வேண்டும், எந்தச் சீட்டு வந்தால் மடக்கிவிட்டு விலக வேண்டும் என்று அது கூறுகிறது. கைப்பேசியில் போக்கர் ஆடத் தொடங்கிய அவர் முதலில் சேமிப்பை இழந்தார். பிறகு மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அதற்கும் பிறகு கடன் செயலிகள். 'கையிருப்பு குறைந்தால் தயங்கக் கூடாது, அனைத்தையும் வைத்துவிட வேண்டும் என்பதுதானே சார் விதி' என்று அவர் கேட்டபோது, அவர் சில்லுகளைப் பற்றிப் பேசுகிறாரா, குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால், போக்கர் திறன் விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பழைய வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வாதம் ஏன் முடிவுக்கு வராது என்பதற்கான விளக்கம், அந்த மாணவர் கொண்டுவந்த தாளிலேயே இருக்கிறது.

போக்கர் போட்டியில் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் செலுத்திச் சம அளவில் சில்லுகளைப் பெறுகின்றனர். இடையில் அவற்றைப் பணமாக மாற்ற இயலாது. சில்லுகள் தீர்ந்தவர் வெளியேற வேண்டும். இறுதிவரை நிற்கும் சிலர் பரிசுத்தொகையைப் பகிர்ந்துகொள்வர். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக ஒரு தொகையை வைக்க வேண்டும். 'பிளைண்ட்' எனப்படும் இந்தக் கட்டாயப் பந்தயம் பெரியது, சிறியது என இருவகைப்படும். அது முறைவைத்து மேசையைச் சுற்றி வரும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவும் உயரும்.

எனவே, ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருப்பவரின் கையிருப்பும் கரைந்துகொண்டே இருக்கும். பொருளியலில் இதற்கு இணையானது பணவீக்கம். பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவர் தம்மை அறியாமலேயே இழப்பதைப் போல, பொறுமையாகக் காத்திருப்பவர் இங்கே மெல்ல மெல்ல இழக்கிறார்.

கையிருப்பை ஒரு சுற்றுக்கான கட்டாயச் செலவால் வகுத்தால், இன்னும் எத்தனை சுற்றுகள் தாக்குப்பிடிக்கலாம் என்ற எண் கிடைக்கும். கணிதப் பேராசிரியராக இருந்து பின்னர் ஆட்டக்காரரான பால் மாக்ரியல் வகுத்த அளவுகோல் இது. 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன் தமது நூல்களின் வழியே இதைப் பரப்பினார். அந்த எண் 20-க்கு மேல் இருந்தால் பச்சை மண்டலம். 5-க்குக் கீழே இறங்கினால் சிவப்பு மண்டலம்.

இனி அட்டவணையின் கணக்குக்கு வருவோம். கட்டாயப் பந்தயங்கள் 500, 1,000 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 1,500 சில்லுகள் கிடக்கின்றன. உங்களிடம் இருப்பது 8,000. மற்றவர்கள் விலகிவிட்டனர், கட்டாயப் பந்தயம் வைத்த இருவர் மட்டுமே எஞ்சியுள்ளனர். உங்கள் சீட்டு சுமாரானது. எதிராளி ஏற்றுக்கொண்டு மோதினால் 100-க்கு 35 முறைதான் வெல்லும். ஆயினும், நீங்கள் 8,000-ஐயும் நடுவில் தள்ளினால் அவ்விருவரும் 100-க்கு 60 முறை அஞ்சி விலகிவிடுவர் என்று கொள்வோம்.

இதையே 100 முறை செய்தால் 60 முறை தலா 1,500 கிடைக்கும், அது 90,000. பெரிய பிளைண்ட் வைத்தவர் ஏற்றுக்கொள்ளும் 40 முறைகளில் நீங்கள் 14 முறை வெல்வீர்கள். தலா 8,500 வீதம் 1,19,000 வரும். மீதி 26 முறை தலா 8,000 வீதம் 2,08,000 போகும். கூட்டிக் கழித்தால் 1,000 சில்லுகள் மிச்சம். தோற்பதற்கே வாய்ப்பு மிகுந்த சீட்டை வைத்துக்கொண்டு இழப்பில்லாமல் ஆடிவிடலாம் என்பது வியப்புக்குரியதுதான். அந்த ஆதாயம் சீட்டிலிருந்து வரவில்லை. எதிராளியின் அச்சத்திலிருந்து வருகிறது.

அதே சீட்டோடு 8,000-க்குப் பதிலாக 40,000 சில்லுகளைத் தள்ளினால் என்னவாகும்? மற்ற எண்கள் மாறாதிருந்தால் 100 முறையில் 3,83,000 சில்லுகள் இழப்பு. ஏழைக்கு அறிவாக இருந்த அதே செயல் செல்வந்தருக்கு மடமையாகிறது. கையிருப்பு 2,000-ஆகச் சுருங்கும்வரை காத்திருந்தால் என்னவாகும்? அப்போது 1,000-ஐ ஏற்கெனவே வைத்துவிட்ட எதிராளி மேலும் 1,000 மட்டும் வைத்து, நடுவிலிருக்கும் 3,500-க்குப் போட்டியிடலாம். எந்தச் சீட்டு வந்தாலும் அவர் விலக மாட்டார். அச்சுறுத்தும் ஆற்றல் போய்விட்டால் எஞ்சுவது சீட்டின் தயவு மட்டுமே. ஆகவே, குறைந்த கையிருப்புக்காரர் காலம் தாழ்த்தாமல், பிறரை அஞ்சவைக்கும் அளவுக்குச் சில்லு இருக்கும்போதே துணிய வேண்டும் என்பது வல்லுநர்களின் அறிவுரை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையிருப்பு மிகுந்திருக்கும்போது ஒரே ஆட்டத்தில் நான்கு கட்டங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு வைப்பது, எப்போது பின்வாங்குவது, எதிராளி ஏன் தயங்குகிறார் என்று சிந்திக்க இடமிருக்கும். அங்கே திறனுக்கு வேலை உண்டு. கையிருப்பு குறைந்துவிட்டால் முடிவு ஒன்றே ஒன்றுதான்: தள்ளுவதா, மடக்குவதா? அதையும் கணினி கணித்த அட்டவணை சொல்லிவிடுகிறது. அட்டவணையை மனப்பாடம் செய்த இருவர் மோதும்போது, ஒருவரிடம் இரு ராணிகள், மற்றவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 55-க்கு 45. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அதாவது, திறனும் அதிர்ஷ்டமும் போக்கர் என்ற பெயருக்குள் நிலையான விகிதத்தில் அடைபட்டுக் கிடக்கவில்லை. கையிருப்பின் ஆழமும் ஆட்டத்தின் வேகமும் அந்த விகிதத்தை மாற்றிவிடுகின்றன. லாஸ் வேகாஸில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கட்டாயப் பந்தயம் 2 மணிநேரத்துக்கு ஒருமுறைதான் உயர்கிறது. போட்டி பல நாள்கள் நீள்கிறது. கைப்பேசித் திரையில் ஆடப்படும் அதிவேகப் போட்டிகளில் அது 3 நிமிடத்துக்கு ஒருமுறை உயரக்கூடும். அங்கே அமர்பவர் சிறிது நேரத்திலேயே குறைந்த கையிருப்புக்காரர் ஆகிவிடுகிறார். முன்னதில் திறன் மேலோங்குகிறது, பின்னதில் அதிர்ஷ்டம். இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்றே.

நமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பெயரைப் பார்த்தே கேள்வி கேட்டுவந்துள்ளன. திறன் அடிப்படையிலான போட்டி சூதாட்டமாகாது என்று 1957-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 1967-இல் ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என்றது. 1996-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அவ்வாறே கருதியது. தமிழக அரசு, நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் சட்டம் இயற்றி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது.

இரு தரப்பிலும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது. 'போக்கருக்குத் திறன் வேண்டும்' என்பது மெய். கணித மேதை ஜான் வான் நாய்மான், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் இணைந்து 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனி இடம் அளித்தார். அரைகுறைத் தகவலோடு முடிவெடுக்க வேண்டிய வாழ்க்கையின் மாதிரி அதில் இருப்பதே காரணம். அந்த ஆட்டத்தைப் பழிப்பது என் நோக்கம் அன்று. ஆனால், திறன் வேண்டும் என்பதாலேயே ஆடுபவருக்குப் பாதுகாப்பு வந்துவிடுமா?

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 9 பேர் தலா ரூ.1,000 பந்தயத் தொகையும், நடத்துபவருக்கு ரூ.100 கட்டணமும் செலுத்துகின்றனர். உள்ளே போனது ரூ.9,900, பரிசாக வெளியே வருவது ரூ.9,000. 9 பேரும் மேதைகளானாலும் சராசரியாக ஒருவர் ரூ.100 இழந்தே தீர வேண்டும். ஓர் இரவில் பத்துப் போட்டிகள் ஆடினால் ரூ.1,000. திறன் என்பது யார் அதிகம் இழப்பர் என்பதை முடிவு செய்யலாம். மேசையின் மொத்த இழப்பை அது ஒரு ரூபாய்கூடக் குறைக்காது. இணையப் பண விளையாட்டுகளில் ஆண்டுக்கு 45 கோடி பேர் ஏறத்தாழ ரூ.20,000 கோடியை இழக்கின்றனர் என்பது அரசுத் தரப்பு மதிப்பீடாக வெளிவந்த செய்தி. அந்த 45 கோடி பேரில் திறமைசாலிகளும் இருந்திருப்பர்.

அடுத்தது, சில்லுக்கும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு. 10 பேர் தலா ரூ.100 செலுத்தி ஆடும் போட்டியில் முதல் மூன்று பரிசுகள் ரூ.500, ரூ.300, ரூ.200 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்திலேயே ஒருவர் இன்னொருவரை வீழ்த்திச் சில்லுகளை இரட்டிப்பாக்கிவிட்டார். அவருடைய நிலையின் மதிப்பு ரூ.200 ஆகிவிட்டதா? ஆட்டக்காரர்கள் பின்பற்றும் வழக்கமான நிகழ்தகவுக் கணக்கின்படி அது ஏறத்தாழ ரூ.184 மட்டுமே. தோற்றவரோ தம் ரூ.100-ஐ முழுமையாக இழந்துவிட்டார். வெல்லும் சில்லின் மதிப்பு, இழக்கும் சில்லின் மதிப்பைவிடக் குறைவு. 1738-இல் டேனியல் பெர்னூலி செல்வத்தைப் பற்றிக் கூறியதும் இத்தகையதே. இந்தக் கணக்கு எச்சரிக்கையைத்தான் போதிக்கிறது.

ஆனால், மக்கள் மனத்தில் நிற்பது கணக்கு அன்று; கதை. 1982-இல் உலகப் போக்கர் தொடரில் எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக எண்ணி எழுந்த ஜாக் ஸ்ட்ராஸ், மேசையில் ஒரே ஒரு சில்லு மறைந்து கிடப்பதைக் கண்டு மீண்டும் அமர்ந்தார் என்பர். இறுதியில் அவரே வென்று 5,20,000 டாலர் பெற்றார். 'ஒரு சில்லும் ஒரு நாற்காலியும் போதும்' என்பது அன்றுமுதல் போக்கர் உலகின் பழமொழி. அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 104 பேர். மற்ற 103 பேரைப் பற்றிப் பழமொழி ஏதும் இல்லை.

ஸ்ட்ராஸின் துணிவு அறிவார்ந்ததுதான். ஏனெனில், கடைசிச் சில்லையும் இழந்திருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது ஏற்கெனவே செலுத்திவிட்ட நுழைவுக் கட்டணம் மட்டுமே. குறைந்த கையிருப்புக்காரரின் துணிச்சலுக்கு அடிப்படை இழப்பின் எல்லை. சில்லு தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். வீடு அப்படியே இருக்கும்.

அந்த எல்லை இல்லாத இடத்தில் அதே துணிவு என்ன செய்யும் என்பதற்கு 1995-ஆம் ஆண்டு சான்று. 1762-இல் தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் பணியாற்றிய நிக் லீசன், பங்குச்சந்தை ஊக பேரங்களில் ஏற்பட்ட இழப்புகளை மறைத்துவந்தார். ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தால் ஜப்பானியச் சந்தை சரிந்தபோது, விட்டதைப் பிடிக்கப் பந்தயத்தைப் பெருக்கினார். முடிவில் இழப்பு 82.7 கோடி பவுண்டு. 233 ஆண்டுப் பழமையான வங்கி ஒரு பவுண்டு விலைக்குக் கைமாறியது. தம் கையிருப்பு தீர்ந்த பிறகு பிறருடைய கையிருப்பை நடுவில் தள்ளியவர் அவர்.

இது தனியொருவரின் குணக்கேடு மட்டுமன்று. ஆதாயம் கிடைக்கும் நிலையில் மனிதர்கள் எச்சரிக்கையாகவும், இழப்பு உறுதியாகிவரும் நிலையில் துணிச்சலாகவும் நடந்துகொள்கின்றனர் என்று டேனியல் கானமனும் ஆமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எடுத்துக்காட்டினர். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற உந்துதல் எல்லோருக்கும் உண்டு. கைப்பேசி அந்த உந்துதலுக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியை அழித்துவிட்டது. சில்லு தீர்ந்ததும் திரையில் 'மீண்டும் நுழைக' என்ற பொத்தான் ஒளிர்கிறது. வங்கிக் கணக்கு ஒரு தொடுகையில் திறக்கிறது. அது காலியாக இருந்தால், அருகிலேயே கடன் செயலி காத்திருக்கிறது. வெளியேற்றம் என்பதே இல்லாத போட்டியில் இழப்புக்கு எல்லை ஏது? என் மாணவருடைய கணக்கில் தவறு புகுந்த இடம் இதுதான். அட்டவணை ஒரு போட்டிக்கானது. அவர் ஆடியது முடிவில்லாத போட்டிகளின் தொடரை.

இந்தக் கோணத்தில் பார்த்தால், 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒரு வகையில் சரியான இடத்தைத் தொட்டுள்ளது. திறனோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, ஆதாயத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடினால் அது பண விளையாட்டே என்கிறது அச்சட்டம். நடத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆடுபவரை அது குற்றவாளியாக்கவில்லை. இதை எதிர்த்து உயர்நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

முழுத் தடையை எதிர்ப்போரின் வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. விவரமறிந்த ஒருவர் தம் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது அவருடைய உரிமை என்கின்றனர். உள்நாட்டு நிறுவனங்களை மூடினால் ஆட்டம் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விடும் என்கின்றனர். முதல் வாதத்துக்கு என் விடை: விலை தெரிந்தால்தான் அது தேர்வு. ஓர் இரவில் கட்டணமாக மட்டும் எவ்வளவு போகிறது என்பதை அறியாமல் ஆடுபவர் எதையும் தேர்வு செய்யவில்லை. இரண்டாவது வாதம் வலுவானது. தடைச் சட்டம் பணம் போகும் வழியை அடைக்காவிட்டால் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். வங்கிகளும் பணப் பரிமாற்றச் செயலிகளும் அந்தப் பொறுப்பை ஏற்கச் செய்வதே சட்டத்தின் உயிர்நாடி.

தமிழக ஒழுங்குமுறை ஆணையம் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகளுக்கு விதித்த தடையை, 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த விதி ஆட்டத்தின் பெயரைக் கேட்கவில்லை. எப்போது, எப்படி ஆடப்படுகிறது என்று கேட்டது. நாளை உச்சநீதிமன்றம் எந்த முடிவுக்கு வந்தாலும், கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இவ்வகையினவே. ஒரு நாளில் ஒருவர் எவ்வளவு இழக்கலாம்? தோற்றவர் மீண்டும் நுழைய எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பந்தயம் எவ்வளவு விரைவாக உயரலாம்? நடத்துபவரின் கட்டணம் ஆடுபவரின் கண்ணுக்குத் தெரிகிறதா? கடன் வாங்கிய பணம் மேசைக்கு வர வழியிருக்கிறதா? இவற்றுக்கு விடையின்றித் 'திறன்' என்ற ஒரு சொல்லைக் கேடயமாகப் பிடிப்பதும், 'தடை' என்ற ஒரு சொல்லோடு கடமை முடிந்ததாகக் கருதுவதும் போதாது.

ஏற்கெனவே கடனில் விழுந்தவர்களைப் பற்றியும் அரசு சிந்திக்க வேண்டும். தடை வந்த நாளில் அவர்களுடைய கடன் மறையவில்லை. கடனை நீண்டகாலத் தவணைகளாக மாற்றித் தரவும், மனநல ஆலோசனை அளிக்கவும் மாவட்டந்தோறும் ஏற்பாடு தேவை. அவமானத்துக்கு அஞ்சி வாய்திறக்காமல் இருப்பவர்தான் அடுத்த கடனை வாங்குகிறார்.

அன்று என் மாணவரிடம், 'தம்பி, அட்டவணை சரிதான். ஆனால், அது சில்லுக்கானது' என்றேன். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பின்புறத்தில் அவருடைய கடன்களை வட்டி விகித வரிசையில் எழுதினோம். மாதச் சம்பளத்தில் எதை முதலில் அடைப்பது என்று கணக்கிட இரண்டு மணிநேரம் ஆனது. கடைசித் தவணை முடிய நான்கு ஆண்டுகள் ஆகும். மனைவியிடம் முழுத்தொகையையும் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். 'இன்று சொல்லிவிடு' என்று அனுப்பினேன். மறுநாள் அவரும் அவர் மனைவியும் சேர்ந்தே வந்தனர்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).